சிரட்டையில் ஒரு குழியானை

என் சின்ன வயதில் எங்கள் ஊர்ப் பக்கம் 'ப்ராஜெக்ட்' என்றால் அணைதான். பெரியாறு ப்ராஜெக்ட் என்று அப்பா சொல்வார். மதுரைப் பக்கத்து வயல்களுக்கு அந்தத் தண்ணீர் பாய்ந்தது. சாத்தூருக்குக் கிழக்கே கிடந்த எங்கள் கரிசல் காட்டுக்கு வரவில்லை. வானம் பார்த்த பூமி எங்களுடையது. 'ப்ராஜெக்ட்' என்று சொல்லும்போதெல்லாம் அப்பா ஒருமுறை அண்ணாந்து பார்த்துக்கொள்வார்.

இப்போது மதுரையில் மூன்றாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி அதே சொல்லை மாதம் இரண்டு தரம் சொல்கிறாள். போன வருஷம் புரட்டாசியில் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மருமகளின் செல்போனில் பள்ளிக்கூடத்துக் குழுவிலிருந்து செய்தி வந்தது. மறுநாள் எல்லாப் பிள்ளைகளும் மழைநீர் சேகரிப்பு மாடல் கொண்டுவர வேண்டும். மருமகள் வங்கியில் வேலை பார்ப்பவள்; வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் அவளுக்கு ஓய்வு. ஸ்டேஷனரி கடை மூடுவதற்குள் ஓடினாள். தெர்மாக்கோல் அட்டை, பச்சை வெல்வெட் பேப்பர், உறிஞ்சுகுழல், ஃபெவிகால் எல்லாமாகச் சேர்த்து 480 ரூபாய். பேத்தி ஒன்பது மணி வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்து கத்தரிக்கோல் எடுத்துக் கொடுத்தாள். அப்புறம் என் மடியில் சாய்ந்து தூங்கிவிட்டாள். பதினொன்றரை மணிக்கு மாடல் முடிந்தது. வீடு, ஓடு, குழாய், குழி, நாலு பிளாஸ்டிக் மரம். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

"நீங்க போய்ப் படுங்க அத்தை" என்றாள் மருமகள். படுத்தேன், தூக்கம் வரவில்லை. 36 வருஷம் தொடக்கப்பள்ளி டீச்சராக இருந்தவள் நான். பிள்ளைகள் கையால் எதையாவது செய்து அறிவியல் கற்க வேண்டும் என்று எத்தனை கூட்டத்தில் பேசியிருக்கிறேன். அந்தப் பேச்சு கடைசியில் ஒவ்வொரு வீட்டுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. வந்த இடத்தில் பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கிறது.

நான் நாலாம் வகுப்பு படித்தது 1971-72இல். ஓடு வேய்ந்த இரண்டு அறை, இரண்டு வாத்தியார், ஐந்து வகுப்பு. அறிவியல் என்பது ஒரு கேள்வி-பதில் நோட்டு. "தாவரத்தின் பாகங்கள் யாவை?" என்று சார் கேட்டால் "வேர், தண்டு, இலை, பூ, காய், கனி" என்று முப்பது பேரும் ஒரே ராகத்தில் சொல்லுவோம். பள்ளிக்கூடத்து வாசலில் பெரிய வேப்பமரம் நின்றது. பங்குனியில் பூத்து வாசலை வெள்ளையாக்கும், ஆடியில் பழம் கொட்டும். காக்கா தின்று போட்ட கொட்டைகளைப் பொறுக்கி நாங்கள் கடையில் போட்டு மிட்டாய் வாங்குவோம். அந்த மரத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் தாவரத்தின் பாகங்களைச் சொன்னோம். சாரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. மூன்று வகுப்பை ஒரே அறையில் வைத்துக்கொண்டு அவர் அந்த அளவுக்குச் சொல்லிக்கொடுத்ததே பெரிது. அவருக்கும் யாரும் மரத்தைக் காட்டிப் பாடம் நடத்தியிருக்க மாட்டார்கள்.

எங்கள் சோதனைச்சாலை தாழ்வாரத்துக்கு அடியில் இருந்தது. மழைச் சாரல் படாத அந்த இடத்தில் மாவு மாதிரி புழுதி கிடக்கும். அதில் புனல் புனலாகச் சின்னக் குழிகள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு குழியானை. ஓர் எறும்பைப் பிடித்து விளிம்பில் விட்டால் அது சறுக்கும், ஏறப் பார்க்கும். அடியிலிருந்து மண்ணை வாரி வாரி யாரோ வீசுவார்கள். எறும்பு மறுபடி சறுக்கி விழும். இரண்டு கொடுக்கு மட்டும் வெளியே வந்து கவ்வி உள்ளே இழுத்துக்கொள்ளும். விரலை விட்டு அள்ளினால் உள்ளங்கையில் சாம்பல் நிறத்தில் ஒரு புழு, துவரம்பருப்பு அளவில். அது பின்பக்கமாகவே ஓடும். உள்ளங்கையில் குறுகுறுவென்று இருக்கும். முன்னால் ஓர் அடி வைத்து யாரும் பார்த்ததில்லை.

ஒரு நாள் துணிந்து கேட்டேன். "சார், இது ஏன் சார் பின்னாடியே நடக்குது?"

சார் என் கையைப் பார்த்தார். "பாடத்துல இருக்கா?" என்றார். இல்லை. "போய்க் கைய கழுவிட்டு வா."

கையைக் கழுவினேன். கேள்வி போகவில்லை.

அதே 1972இல் மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் வேறு மாதிரி ஒரு வேலை தொடங்கியிருந்தது. கிராமத்துப் பிள்ளைகள் இலை பொறுக்கி வகைப்படுத்தினார்கள், பூவைப் பிரித்தார்கள், செய்து பார்த்து, கண்டதை எழுதினார்கள். பரீட்சையில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம். மனப்பாடத்துக்கு அங்கே வேலை இல்லை. பின்னால் அது நூற்றுக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவி, 30 வருஷம் நடந்து, 2002இல் அரசாங்கத்தால் நிறுத்தப்பட்டது. இப்படி ஒரு வேலை தொடங்கியதையே நான் தெரிந்துகொள்ள இருபது வருஷம் ஆனது. நான் கை கழுவிய அதே வருஷத்தில் இந்த நாட்டில் இன்னொரு வகுப்பறையில் பிள்ளைகள் கையில் மண்ணோடு உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதன்முதலாகப் படித்தபோது எனக்கு அழுகை வந்தது.

எங்கள் ஊரில் கோடை லீவு என்றால் தீப்பெட்டி ஆபீஸ். அம்மாவோடு நானும் போனேன். விடியுமுன் வண்டி வரும். பள்ளம் பள்ளமாக வெட்டிய சட்டத்தில் ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு குச்சியாக அடுக்க வேண்டும். சட்டக் கணக்குக்குத்தான் கூலி. பத்து வயதுப் பிள்ளைகளின் விரல் ஓடுகிற வேகத்துக்குப் பெரியவர்களின் விரல் ஓடாது. அதற்காகவே பிள்ளைகளை வைத்துக்கொள்வார்கள். என்னோடு நாலாம் வகுப்பில் இருந்த எட்டுப் பெண்களில் ஐந்தாம் வகுப்புக்கு வந்தவர்கள் மூன்று பேர். மற்றவர்கள் அந்த வண்டியிலேயே போய்விட்டார்கள்.

ஆசிரியர் பயிற்சிக்குப் போனபோது 'செயல்திட்ட முறை' என்று ஒரு பாடம் வந்தது. அமெரிக்காவில் கில்பாட்ரிக் என்பவர் 1918இல் எழுதிய கட்டுரையிலிருந்து தொடங்கும். பிள்ளை தானாக விரும்பி, முழு மனதோடு, ஒரு நோக்கம் வைத்துச் செய்யும் வேலையே கல்வி என்பது அவர் சொன்னதன் சாரம். பொருள், படிகள், நிறைகள், குறைகள் என்று நாலு தலைப்பில் பத்து மார்க் விடை. அதை ராத்திரி இரண்டு மணி வரை விழித்து மனப்பாடம் செய்தேன். எட்டு மார்க் வாங்கினேன். இரண்டு வருஷப் பயிற்சியில் ஒரு செயல்திட்டம்கூட நாங்கள் செய்யவில்லை. செய்து பார்க்கலாமா என்று எங்களில் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாமல் இருப்பது. கேள்வி கேட்கும் பழக்கம் எங்களிடமிருந்து அவ்வளவு நன்றாகக் கழுவிவிடப்பட்டிருந்தது.

1986இல் வேலைக்குச் சேர்ந்தேன். ஐந்தாறு வருஷம் நானும் என் சார் மாதிரியேதான் நடத்தினேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் ஊர் ஊராக நடந்த காலத்தில், டீச்சர்களுக்கு ஒரு மூன்று நாள் முகாம் வைத்தார்கள். நடத்தியவர் பையிலிருந்து ஒரு பெட்டித் தீக்குச்சியும் முழ நீளம் சைக்கிள் வால்வு டியூபும் எடுத்து வைத்தார். டியூபைத் துண்டு துண்டாக வெட்டி, இரண்டு பக்கமும் குச்சியைச் செருகச் சொன்னார். மூன்று குச்சி சேர்ந்தால் முக்கோணம், நாலு சேர்ந்தால் சதுரம். "ரெண்டையும் அமுக்கிப் பாருங்க" என்றார். சதுரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்துக்கொண்டது. முக்கோணம் அசையவில்லை. குறுக்கே ஒரு குச்சி கொடுத்ததும் சதுரமும் நிமிர்ந்து நின்றது. "இது எங்கெங்க இருக்குன்னு வெளியில போய்ப் பார்த்துட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார். கூரைக் கைமரத்தில் இருந்தது. சைக்கிளின் நடுச் சட்டத்தில் இருந்தது. தூரத்தில் மின்கம்பி போகும் கோபுரம் முழுக்க அதுதான். அர்விந்த் குப்தா என்ற பொறியாளர் கான்பூர் ஐஐடியில் படித்து, மோட்டார் கம்பெனி வேலையிலிருந்து லீவு போட்டு அந்த ஹோஷங்காபாத் கிராமங்களுக்குப் போன இடத்தில் உருவாக்கிய விளையாட்டு இது என்று அங்கேதான் தெரிந்தது.

எனக்குத் தீக்குச்சி தெரியும் என்று நினைத்திருந்தேன். பத்து வயதில் எத்தனை ஆயிரம் குச்சிகள் என் விரல் வழியாகப் போயிருக்கும்! ஒன்றையாவது இன்னொன்றோடு சேர்த்துப் பார்க்க விட்டார்களா?

திங்கட்கிழமை வகுப்புக்குக் குச்சியும் டியூபும் கொண்டுபோனேன். ஒரு பெண், காலையில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்விட்டுப் பத்து மணிக்குப் பள்ளிக்கு வருபவள், வகுப்பில் பாதி நேரம் தூங்குபவள், கையில் குச்சியை எடுத்ததும் என்னைப் பார்த்தாள். "இது ஆபீஸ்ல அடுக்குற குச்சிதானே டீச்சர்?" "ஆமா தாயி." மற்றவர்கள் முதல் முக்கோணத்தைச் செருகி முடிக்குமுன் அவள் ஆறு குச்சியில் ஒரு கூம்பை நிறுத்திவிட்டாள். அதற்கு மேல் தன் சிலேட்டை, நழுவாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வைத்தாள். அதன்மேல் பக்கத்துப் பிள்ளையின் சிலேட்டு. நாலாவது சிலேட்டில்தான் சாய்ந்தது. ஏன் சாய்ந்தது என்று அவளே குனிந்து பார்த்து, "குச்சி ஒடியல டீச்சர், ரப்பர்தான் விட்டுருச்சு" என்றாள். அன்றைக்கு அவள் தூங்கவில்லை.

2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் 2007-08இல் மாநிலம் முழுக்க நாலாம் வகுப்பு வரை வந்தது. ரிஷிவேலிப் பள்ளியின் கிராமக் கல்வி முறையைப் பார்த்துவந்து எம்.பி. விஜயகுமார் என்ற அதிகாரி கொண்டுவந்தது. பிள்ளைகள் கைக்கு எட்டும் உயரத்தில் சுவர் நெடுகக் கரும்பலகை, ஏணிப்படி அட்டவணை, தட்டு தட்டாக அட்டைகள், தரையில் பாய். அதில் எனக்கு மனதார மகிழ்ச்சி தந்தது ஒன்று: நாற்காலி போய், டீச்சர்களும் பாயில் உட்கார்ந்தோம். பிள்ளையின் முகத்துக்கு நேராக என் முகம் வந்தது. எட்ட நின்றபோது கேட்காத எத்தனையோ சின்னக் குரல்கள் அப்போதுதான் காதில் விழுந்தன. ஆனால் அட்டை ஒவ்வொன்றுக்கும் முடிவு முன்கூட்டியே அச்சாகியிருந்தது. 'முடிச்சிட்டேன் டீச்சர், அடுத்த அட்டை' என்று பிள்ளைகள் ஓடினார்கள். அட்டையில் இல்லாத கேள்விக்கு ஏணியில் படி இல்லை.

அந்த வருஷம்தான், பள்ளித் தாழ்வாரத்தின் அடியிலிருந்து நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி கையை மூடிக்கொண்டு வந்தாள். என் முன்னால் விரித்தாள். "டீச்சர், இது ஏன் பின்னாடியே நடக்குது?"

முப்பத்தைந்து வருஷத்துக்குப் பிறகு அதே கேள்வி. எனக்கு அப்போதும் பதில் தெரியாது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்குத் தெரியாது தாயி. பார்த்துக் கண்டுபிடிப்போமா?" என்றேன். அதைச் சொல்ல ஒரு டீச்சருக்கு இவ்வளவு காலம் ஆகியிருக்க வேண்டியதில்லை.

முதலில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். எதையும் தப்பு என்று சொல்லக் கூடாது என்று எனக்கு நானே உறுதி சொல்லிக்கொண்டு, எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதினேன். அதுக்கு முன்னாடி கண் தெரியாது. அதுக்கு வெட்கம். தலையால மண்ணை வீசணும், அதனால தலை கடைசியில வரணும். காலெல்லாம் திருப்பி வெச்சிருக்கு. பதினோரு யோசனை சேர்ந்தது. எதை எப்படிச் சோதிப்பது என்ற பேச்சிலேயே இரண்டு நாள் போனது.

வீட்டிலிருந்து சிரட்டை கொண்டுவந்தார்கள். ஒன்றில் தாழ்வாரத்துப் புழுதி, ஒன்றில் ஆற்று மணல், ஒன்றில் அடுப்புச் சாம்பல், ஒன்றில் கரிசல் மண், ஒன்றில் ஈர மண். ஒவ்வொன்றிலும் ஒரு குழியானை. மறுநாள் காலையில் புழுதியிலும் சாம்பலிலும் அழகான குழி இருந்தது. ஆற்றுப் பெருமணலில் கோடு கோடாக அலைந்த தடம் மட்டும். ஈரத்தில் ஒன்றுமில்லை. கரிசல் மண்ணிலும் இல்லை. "நம்ம மண்ணு அதுக்குப் பிடிக்கல" என்று எல்லாரும் முடிவுக்கு வந்த நேரத்தில் ஒரு பையன், அவ்வளவாகப் பேசாதவன், வீட்டுக்கு ஓடிப்போய் அம்மாவின் மாவுச் சல்லடையை எடுத்துவந்தான். கரிசல் கட்டியை உடைத்து, இடித்து, சலித்து, அந்தத் தூளை வேறொரு சிரட்டையில் போட்டான். அடுத்த நாள் அதிலும் குழி. "மண்ணு பிரச்சினை இல்ல டீச்சர். பொடியா இருக்கணும், உருளணும்." அவன் சொன்னதை நான் அப்படியே பலகையில் எழுதி, கீழே அவன் பெயரை எழுதினேன்.

பசியாக இருக்கும் குழியானை பெரிய குழி தோண்டுமா என்று ஒரு கூட்டம் கிளம்பியது. ஒன்றுக்குத் தினம் இரண்டு எறும்பு போட்டார்கள், ஒன்றைப் பட்டினி போட்டார்கள். ஈர்க்குச்சியை ஒடித்து வைத்துக் குழியின் அகலத்தை அளந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சண்டை வந்துவிட்டது. பட்டினி கிடந்ததன் குழிதான் பெரிது என்று பாதிப் பேர். "அது மொதல்லயே பெரிய புழு. அதான் பெரிய குழி" என்று மீதிப் பேர். கடைசியில் ஒரு பிள்ளை எழுந்து, "ரெண்டும் ஒரே சைஸ் புழுவா எடுத்திருக்கணும், மண்ணும் ஒரே மண்ணா இருக்கணும், சாப்பாடு மட்டும்தான் மாத்தணும். நாம எல்லாத்தையும் மாத்திட்டோம்" என்றாள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. எந்த ஆய்வுக்கூடத்திலும் முதலில் சொல்லித்தரும் விஷயம் அது. ஒன்பது வயதுப் பிள்ளை, தன்னுடைய சோதனை தப்பாகிப்போன கோபத்திலிருந்து அதைத் தானே எடுத்துவிட்டாள். அந்தச் சோதனைக்கு எங்களுக்குச் சரியான முடிவு கிடைக்கவே இல்லை. மறுபடி செய்வதற்குள் பரீட்சை வந்துவிட்டது. நான் இன்றைக்கும் அதைத்தான் அந்த வருஷத்தின் நல்ல பாடம் என்று நினைக்கிறேன்.

கேள்வி கேட்டவள் மட்டும் மற்றதில் சேராமல் லென்ஸை வைத்துக்கொண்டு குழியானையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் வந்து, "டீச்சர், அது உடம்புல முடி இருக்கு. எல்லாம் தலைப்பக்கமா சாஞ்சிருக்கு" என்றாள். அதனால் என்ன என்று கேட்டேன். அவள் தன் பாவாடை ஓரத்தைத் தூக்கிக் காட்டினாள். காட்டுவழியாக நடந்துவந்ததில் ஒட்டுப்புல் குத்தியிருந்தது. "இது ஒரு பக்கமாத்தான் டீச்சர் போகும், ஏறிக்கிட்டே போகும். திருப்பி இழுத்தா வராது. அதுமாதிரி. குழியானை பின்னாடி போனா முடி படிஞ்சுக்கும். எறும்பு முன்னாடி இழுத்தா முடி மண்ணுல குத்திக்கும். அதான் அது மேல வராது."

புத்தகத்தில் தேடிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. முன்னோக்கிச் சாய்ந்த மயிர்கள் அதை மண்ணில் நங்கூரம் போட்ட மாதிரி பிடித்துக்கொள்கின்றன. பின்னோக்கிச் சுற்றிச் சுற்றி இறங்கித்தான் குழியைத் தோண்டுகிறது. படைப்புச் சிந்தனை என்று பயிற்சிகளில் பக்கம் பக்கமாகப் பேசுகிறோம். எனக்கு அது பாவாடையில் ஒட்டிய புல்லை ஒரு புழுவோடு சேர்த்துப் பார்த்த அந்த நிமிஷம்தான். அந்தச் சேர்மானத்தை நான் திட்டமிட்டுக் கொண்டுவந்திருக்க முடியாது. அவள் காட்டுவழி நடந்து வந்தவள், நான் பஸ்ஸில் வந்தவள்.

ஒரு சிரட்டையை மட்டும் மறந்து ஜன்னலில் வைத்திருந்தோம். அதில் குழி தூர்ந்துபோய், கடலை அளவுக்கு ஒரு மண் உருண்டை கிடந்தது. செத்துப்போச்சு என்று வருத்தப்பட்டார்கள். தூக்கிப் போட வேண்டாம் என்றேன். சில வாரம் கழித்து ஒரு காலையில் வகுப்பே கத்தியது. உருண்டை உடைந்து, ஜன்னல் கம்பியில் நீளச் சிறகுகளோடு ஒரு பூச்சி உட்கார்ந்திருந்தது. "தட்டான்! தட்டான்!" என்றார்கள். கேள்வி கேட்டவள் கிட்டப் போய், "தட்டானுக்கு இவ்வளவு பெரிய மீசை கிடையாது" என்றாள். நுனி தடித்த இரண்டு மீசை. குழியானை வளர்ந்தால் பறக்கும் என்று எனக்கே அன்றுவரை தெரியாது. சாயங்காலம் வரை யாரும் ஜன்னல் பக்கம் சத்தம் போடவில்லை.

அந்தச் சிரட்டைகளை ஓர் அறிவியல் கண்காட்சிக்குக் கொண்டுபோனோம். எந்த ஊர், யார் நடத்தியது என்பது வேண்டாம். மேசை நெடுகத் தெர்மாக்கோலில் எரிமலை. சோடா உப்பில் வினிகரை ஊற்றினால் பொங்கும். கிரகங்கள் கம்பியில் சுற்றின. நடுவர் எங்கள் மேசைக்கு வந்தார். "மாடல் எங்கே? சார்ட் எங்கே?" என்றார். அவள் சிரட்டையை நீட்டினாள். "சார்ட்டில்லாம எப்படிம்மா மார்க் போடுறது" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். அந்த எரிமலையைச் செய்த பையனிடமும் அவர் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். அந்தப் பிள்ளை சரியாகச் சொல்லக் காத்துக்கொண்டு நின்றது. பஸ்ஸில் திரும்பும்போது அவள் சிரட்டையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாக, "அவரு ஒரே ஒரு எறும்பு போட்டுப் பாத்திருக்கலாம்ல டீச்சர்" என்றாள். என்னிடம் அதற்குப் பதில் இல்லை. அடுத்த வருஷத்திலிருந்து மாடல் கேட்கும் கண்காட்சிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போவதை நிறுத்திவிட்டேன்.

அடுத்து, ஐந்தாம் வகுப்பில் இன்னொரு கூட்டத்தோடு நிழல் பார்த்தோம். அதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முற்றத்தில் ஒரு மீட்டர் கம்பி. கொத்தனார் மகன் அப்பாவின் தூக்குக்குண்டைக் கொண்டுவந்து அதை நேராக நிறுத்தினான். உச்சிப்பொழுது என்றால் பகல் 12 மணி, நிழல் காலடியில் விழும் என்று நான் சொல்லியிருந்தேன். ஆகஸ்ட் மாதம். 12 மணிக்குக் கல் வைத்தார்கள். நிழல் இன்னும் சுருங்கிக்கொண்டே போனது. 12.20ஐ ஒட்டித்தான் நின்று திரும்பியது. காலடியிலும் விழவில்லை, நாலு விரல்கடை தெற்கே தள்ளி விழுந்தது. "நீங்க சொன்னது தப்பா டீச்சர், கம்பி தப்பா?" என்று கேட்டார்கள். நான் சொன்னதுதான் தப்பு. இந்திய நேரம் கணக்கிடுவது மிர்சாப்பூர் வழியாகப் போகும் 82.5 பாகைக் கோட்டில். நம் ஊர் 78 பாகையில். ஒரு பாகைக்குச் சூரியனுக்கு நாலு நிமிஷம். நாலரையை நாலால் பெருக்கி 18 நிமிஷம் என்று அவர்களே போட்டார்கள். மிச்சம் ஒன்றிரண்டு நிமிஷம் எங்கே போனது என்றும் விடாமல் கேட்டார்கள். ஒரு பையனின் தாத்தா, ஆடு மேய்ப்பவர், வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்தார். தன் நிழலைத் தானே காலடி வைத்து அளந்து மணி சொன்னார். செல்போனுக்கும் அவருக்கும் பத்து நிமிஷம்தான் வித்தியாசம். "சித்திரையில ஒருக்க, ஆவணியில ஒருக்க நிழலு காலுக்குள்ள ஒளியும், பாருங்க" என்றார். தினமும் கல் வைத்தோம். தெற்கே விழுந்த நிழல் குறுகிக் குறுகி, ஆகஸ்ட் கடைசியில் கம்பிக்கு அடியில் காணாமல்போய், செப்டம்பரில் வடக்கே முளைத்தது. தாத்தாவைக் கூட்டிவந்து காட்டினார்கள். பள்ளிக்கூடத்துக்குள் தன்னை உட்காரச் சொன்னது அதுதான் முதல்தடவை என்றார்.

2022இல் ஓய்வு பெற்றேன். இன்றைக்குப் பாடப் புத்தகங்கள் நன்றாக இருக்கின்றன. செய்து பார் என்று பக்கத்துக்குப் பக்கம் சொல்கின்றன, க்யூஆர் கோடு இருக்கிறது, வண்ணப் படம் இருக்கிறது. தீப்பெட்டி ஆபீஸ் வண்டியில் இப்போது பிள்ளைகள் ஏறுவதில்லை. அதை நினைத்து நான் நன்றி சொல்லாத நாள் இல்லை. என் காலத்தில் பிள்ளையிடம் கேள்வி இருந்தது, கேட்க இடமில்லை. இப்போது இடம் இருக்கிறது, சாமான் இருக்கிறது. ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்கு வரும் செய்தியில் பிள்ளையின் கேள்விக்கு மட்டும் நேரம் ஒதுக்கவில்லை.

அந்தத் திங்கட்கிழமை பேத்தி மாடலைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு நட்சத்திர ஸ்டிக்கரோடு வந்தாள். காப்பி குடித்துக்கொண்டே கேட்டேன். "நம்ம வீட்டு மொட்டைமாடித் தண்ணி எங்க போகுது பாப்பா?"

"குழிக்குள்ள."

"எந்தக் குழி?"

அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியாது. 2003இல் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று சட்டம் வந்தது. அதற்குப் பிறகு கட்டிய வீடு. குழாய் இருக்கிறது, குழி எங்கேயோ இருக்க வேண்டும். ஒரு வாளித் தண்ணீரில் மஞ்சள் பொடியைக் கரைப்போம் என்றது அவள் யோசனை. "அப்பத்தான் நம்ம தண்ணின்னு தெரியும்." நான் மாடியில் ஊற்றினேன், அவள் கீழே ஓடினாள். கொஞ்ச நேரத்தில் தெருவிலிருந்து சத்தம். "அப்பத்தா! சாக்கடையில வருது!"

குழியைத் தேடினோம். வண்டி நிறுத்தும் இடத்தில் டைல்ஸ் போட்டபோது மூடியிருக்கிறார்கள். குழாயைத் தெருவுக்குத் திருப்பியிருக்கிறார்கள். அவள் ஒரு தாளில் வீட்டைப் படமாக வரைந்து, தண்ணீர் போகும் வழியை மஞ்சள் கலரில் போட்டு, 'எங்கள் வீட்டுக் குழிக்குத் தண்ணீர் போகவில்லை' என்று எழுதினாள். மருமகள் அந்தத் தாளை வாங்கி நின்றபடியே இரண்டு தடவை படித்தாள். ராத்திரி மகன் வந்ததும் சாப்பாட்டுக்கு முன்னால் அதைத்தான் காட்டினாள். மூன்று வாரத்தில் பிளம்பர் வந்து டைல்ஸை உடைத்து, குழாயைக் குழிக்குத் திருப்பினார். பேத்தி பக்கத்தில் நின்று கேட்ட கேள்விகளுக்கு அவர் சலிக்காமல் பதில் சொன்னாராம்.

ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் ஊரில் இருந்தேன். போன் வந்தது. பின்னால் மழைச் சத்தம்.

"அப்பத்தா, குழிக்குள்ள தண்ணி விழுற சத்தம் கேக்குது. ஆனா மொதல்ல வந்த தண்ணி கறுப்பா இருந்துச்சு, இப்ப வெள்ளையா வருது. ஏன்?"

"நீ என்ன நெனைக்கிற?"

கொஞ்ச நேரம் மழை மட்டும் கேட்டது.

"இரு அப்பத்தா. ரெண்டையும் டம்ளர்ல பிடிச்சு வெச்சுப் பாக்குறேன். அடுத்த மழை வரட்டும், மொதத் தண்ணியப் பிடிச்சுர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.